தலைவனும் நடுவனும்

தன் வழக்கிற்குத் தானே நடுவனாக இருக்கும் உரிமையை எவனுக்கும் அளிக்கலாகாது என்பது உலகத்து நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்ட நெறி. பிறன் பிழையைக் காண்பதில் ஆயிரங் கண்ணுடையவனாக விளங்கும் மனிதன், தன் பிழையைக் காண வேண்டிய இடத்தில் கண்ணிழந்து நிற்கிறான். ஆதலின்தான் வழக்காடுவோர் இருவருக்கும் தொடர்பில்லாத மூன்றாமவன் ஒருவனைத் தேடிச் சமூகம் செல்கிறது.

ஆயினும், தமிழர் நெஞ்சில் நூற்றாண்டுகளாக நிலைத்து நிற்கும் நீதிக் கதைகளை எண்ணிப் பாருங்கள். கன்றை இழந்த பசுவின் மணியோசை கேட்டுத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட திருவாரூர்ச் சோழன். கோவலன் கொலையில் தான் பிழைத்ததை உணர்ந்த கணமே உயிர் துறந்த பாண்டியன். நள்ளிரவில் பிறர் கதவைத் தட்டிய தன் கையைத் தானே வெட்டிப் பொற்கை பூண்ட மற்றொரு பாண்டியன். இம்மூவரும் தம் வழக்கிற்குத் தாமே நடுவராக அமர்ந்தவர்கள். அமர்ந்து, தமக்கு எதிராகவே தீர்ப்பு எழுதியவர்கள். சட்டம் நம்ப மறுக்கும் ஒன்றையே நம் கதைகள் போற்றுகின்றன. இம்முரண்பாட்டுக்கு விளக்கம் வேண்டாமா?

அரசர் கதை அரசரோடு போயிற்று. சோழனுக்கும் பாண்டியனுக்கும் நேர்ந்த சோதனை சாதாரண மனிதனுக்கு நேர்வதுண்டா எனின், நேர்வதுண்டு. விளையாட்டுத் திடலில், ஒரு பந்தின் வடிவில், ஒரு நொடிப்பொழுதில் அது நேர்கிறது. அதனை ஆராய்வதற்கு முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி ஆட்டத்தின் முதல் தலைவர்களின் வாழ்வும், ஜொகூர் மாநிலத்துச் செடெனாக்கில் நான் கண்ட ஒரு தலைவரின் வாழ்வும் எனக்குத் துணை நிற்கின்றன.

மூன்று ஆட்டங்கள்

1870ஆம் ஆண்டு இலண்டனில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து என்னும் பெயர்களில் இரண்டு அணிகள் காற்பந்து ஆடின. ஸ்காட்லாந்தின் பெயரால் ஆடியவர்களுள் பெரும்பாலோர் இலண்டனில் குடியிருந்தவர்கள். இது ஸ்காட்லாந்துக் கழகத்தார் நெஞ்சை உறுத்தியது. அவ்வாண்டு டிசம்பரில் ஐந்து கழகங்களின் தலைவர்கள் கூடி, ரக்பி விதிகளின்படி எங்களோடு ஆட வாருங்கள் என்று செய்தித்தாள் வழியாக இங்கிலாந்துக்கு அறைகூவல் விடுத்தனர். அவர்களுள் ஒருவர் பிரான்சிஸ் மான்கிரீஃப். அறைகூவலை ஏற்ற இங்கிலாந்து அணிக்குப் பிளாக்ஹீத் கழகத்தைச் சார்ந்த பிரெடரிக் ஸ்டோக்ஸ் தலைமை ஏற்றார்.

1871ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், எடின்பரோ நகரில் ரேபர்ன் பிளேஸ் என்னும் திடலில் அவ்விரு அணிகளும் மோதின. உலகின் முதல் அனைத்துலக ரக்பி ஆட்டம் அதுவே. இன்றுபோல் பதினைவர் அல்லர், பக்கத்துக்கு இருபதின்மர் களம் இறங்கினர். ஏறத்தாழ 4,000 பேர் கூடியிருந்தனர். தலைவர்கள் இருவரும் இருபதைத் தொட்டும் தாண்டியும் நின்ற இளைஞர்கள்.

இன்று 'டிரை' என்று வழங்கும் சொல்லின் பொருளை இங்கு அறிந்துகொள்ள வேண்டும். எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதித்தால் அக்காலத்தில் அதற்குப் புள்ளி எதுவும் இல்லை. கம்பத்தை நோக்கி உதைத்துப் பார்க்க ஒரு முயற்சியே அதனால் கிடைத்தது. அந்த உதை குறுக்குக் கம்பத்தின் மேலே சென்றால்தான் கோல். அன்று ஸ்காட்லாந்து ஒரு கோல் பெற்றது. கோலாக மாறாத டிரை ஒன்றும் பெற்றது. இங்கிலாந்துக்குக் கிட்டியது ஒரு டிரை மட்டுமே. வெற்றி ஸ்காட்லாந்துக்கு.

அடுத்த ஆண்டு, 1872இல், இலண்டன் ஓவல் திடலில் இங்கிலாந்து வென்றது. 1873இல் கிளாஸ்கோவில் நடந்த ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இம்மூன்று ஆட்டங்களிலும் ஒருபுறம் ஸ்டோக்ஸ், மறுபுறம் மான்கிரீஃப். பிறகு இருவரும் அனைத்துலகக் களத்தை விட்டு விலகினர். ஸ்டோக்ஸ் 1874இல் இங்கிலாந்து ரக்பிச் சங்கத்தின் தலைவர் பொறுப்பையும் ஓராண்டு வகித்தார்.

ஒரு தோல்வி, ஒரு வெற்றி, ஒரு சமன். ஒரு நாட்டின் முதல் தலைவனுடைய கணக்கு இவ்வளவே. எதிரே நின்றவனுடைய கணக்கும் அதுவேதான், வரிசை மட்டும் வேறு. இன்றைய பட்டியல்களின் அளவுகோலால் அளந்தால் இவ்விருவரும் எங்கோ அடியில் மறைந்துபோவார்கள். ஆயின் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பொறுப்பு, இன்று கோடிக்கணக்கான பணம் பெறும் எந்தத் தலைவனிடமும் ஒப்படைக்கப்படாத பொறுப்பாகும்.

யார் நடுவர்?

ரக்பி பள்ளி மாணவர்கள் 1845ஆம் ஆண்டில் தம் ஆட்டத்திற்கு விதிகள் எழுதினார்கள். ஆட்டத்தில் எழும் பூசல்கள் அனைத்தையும் இரு பக்கத் தலைவர்களோ, அவர்கள் அமர்த்தும் இரண்டு பேரோதாம் தீர்க்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1871இல் இங்கிலாந்து ரக்பிச் சங்கம் 59 விதிகளை ஏற்றபோதும் இறுதி விதியாக இதனையே வைத்தது. தலைவர்கள் இருவருமே தீர்ப்பாளர்கள். அவர்களுக்கு மேலே ஒருவரும் இல்லை.

இவ்விதியின் துணிவை எண்ணிப் பாருங்கள். வெற்றிக்காக உயிரைக் கொடுத்து ஓடுபவன் எவனோ, அவனிடமே துலாக்கோலையும் கொடுக்கிறார்கள். தன் தோழன் பந்தை முறைகேடாகப் பிடித்தான் என்று எதிரணி முறையிட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டியவன் அவனே. நீதிமன்றங்கள் அஞ்சி விலக்கிய ஒன்றை இளைஞர் கூட்டம் ஒன்று விளையாட்டின் அடித்தளமாகவே வைத்தது.

இது எப்போதும் இனிதாக நடந்ததா எனின், இல்லை. 1871 ஆட்டத்திலேயே பூசல் எழுந்தது. ஸ்காட்லாந்து வீரர்கள் திரளாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு எல்லைக் கோட்டைக் கடந்தனர். முறைப்படி தரையில் பதித்தோம் என்றனர். இங்கிலாந்து அணியினர் மறுத்தனர். அன்றைய ஆட்டத்திற்கு நடுவராக வந்திருந்தவர்களுள் ஒருவர் லோரெட்டோ பள்ளித் தலைமையாசிரியர் ஹீலி ஹட்சின்சன் ஆல்மண்ட். அவர் ஸ்காட்லாந்துக்கே தீர்ப்பளித்தார். வெற்றி தந்த கோல் அதிலிருந்துதான் பிறந்தது. இங்கிலாந்து அணி தொடர்ந்து ஆடியது, தோற்றது, அடுத்த ஆண்டு அதே எதிரணியைத் தன் ஊருக்கு அழைத்து மீண்டும் ஆடியது.

பல ஆண்டுகள் கழிந்தபின் ஆல்மண்ட் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். தாம் அன்று அளித்த தீர்ப்பு சரிதானா என்பது தமக்கு இன்றளவும் தெரியாது என்றார். அதனோடு, ஐயம் எழும்போது மிகுதியாகக் கூச்சலிடும் பக்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளிப்பது நடுவருக்குத் தகும், ஏனெனில் பெரும்பாலும் தவறு அப்பக்கமே இருக்கும் என்றும் சொல்லி வைத்தார். படிப்போர் இதழில் முறுவல் அரும்பும். ஆனால் அந்த முறுவலுக்குப் பின்னே ஒரு பெரிய வினா உள்ளது. அதற்குப் பின்னர் வருவேன்.

1884ஆம் ஆண்டு பிளாக்ஹீத் திடலில் நடந்த பூசல் இத்தகைய முறுவலோடு முடியவில்லை. ஸ்காட்லாந்து வீரர் ஒருவர் பந்தைக் கையால் பின்புறமாகத் தட்டினார். அது இங்கிலாந்து வீரரிடம் சென்று சேர, அவர்கள் அதிலிருந்து டிரை பெற்று, கோலும் அடித்து வென்றனர். ஸ்காட்லாந்து அணி விந்தையான ஒரு வாதத்தை வைத்தது: பந்தைத் தட்டிய செயல் எங்கள் விதிப்படி குற்றம், குற்றம் நிகழ்ந்ததும் ஆட்டம் நின்றிருக்க வேண்டும், ஆகவே அந்த டிரை செல்லாது. உங்கள் குற்றத்தால் நீங்களே பயன் அடைவதா என்று இங்கிலாந்து கேட்டது. இரு பக்கமும் தத்தம் விதியையே விதி என்றது. உறவு முறிந்தது. 1885இல் இரு நாடுகளுக்கும் இடையே ஆட்டமே நடைபெறவில்லை. 1886இல் ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் வேல்சும் சேர்ந்து அனைத்துலக ரக்பி வாரியத்தை அமைத்தன. அதில் இங்கிலாந்து சேர்ந்தது 1890இல்தான்.

அக்காலப் பகுதியிலேயே நடுவரின் கைக்கு ஊதல் வந்தது. நாளடைவில் அவர் ஒருவரே களத்தின் தீர்ப்பாளர் ஆனார். இன்றோ அவர் கண்ணுக்கும் மேலே ஒளிப்பதிவுக் கருவியின் கண் நிற்கிறது. தீர்ப்புகள் முன்னைவிடச் சரியாக அமைகின்றன, ஐயமில்லை. ஆயின் தலைவனிடமிருந்து துலாக்கோலை வாங்கிக்கொண்டபோது, அதனோடு சேர்த்து அவன் மனச்சான்றையும் வாங்கிக்கொண்டோமா? நடுவர் காணாத பிழை நடவாத பிழை ஆகுமா? இதுவே நான் எழுப்ப விரும்பும் வினா.

வேலிக்கு உள்ளும் புறமும்

வினாவுக்கு விடை தேடுமுன் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆட்டமும் அதன் நேர்மை பற்றிய பெருமையும் நம் மண்ணுக்குக் கப்பலேறி வந்தன. கல்கத்தாவில் 1873இல் வெள்ளையர் ஒரு ரக்பிக் கழகம் கண்டனர். சில ஆண்டுகளில் அது கலைந்தபோது, வங்கியில் எஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினர். நாகப்பாம்புகள் மூன்று அதன் கைப்பிடிகள். மூடியின்மேல் ஒரு யானை. 1879ஆம் ஆண்டுமுதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தாக் கோப்பைக்காகவே மோதி வருகின்றன.

இலங்கையின் மலைநாட்டில் தேயிலைத் துரைமார் ராதெல்ல, தரவளை முதலிய திடல்களில் ரக்பி ஆடினர். மலாயாவில் ஆட்டம் துரைமார் கழகங்களிலும் படையிலும் காவல்துறையிலும் சில பெரிய பள்ளிகளிலும் வளர்ந்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் செலவில் கட்டப்பட்ட 'மலாயா' என்னும் போர்க்கப்பல் 1921இல் இந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்து சென்றது. அதன் மாலுமிகள் நன்றிக்கு அடையாளமாகக் காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரண்டு கோப்பைகள் வழங்கினர். காற்பந்துக் கோப்பைப் போட்டியே 1967இல் மலேசியக் கோப்பை எனப் பெயர் மாறியது. அந்தக் கப்பலுக்குச் சென்ற பணம் ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும் வந்த பணம். மரம் சீவிய கைகள் யாருடையவை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கைகளுக்கு உரியவர்கள் துரைமார் கழகத் திடலில் புல் வெட்டினார்கள், கோடு போட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். திடலுக்குள்ளே எதிரணிக்கு நேர்மை; திடலை விட்டு வெளியே வந்ததும் கூலிக்கு வேறு கணக்கு. நேர்மை என்பது தன் இனத்தானோடு, தன் தரத்தானோடு மட்டும் கைக்கொள்ளும் ஒழுக்கமாகச் சுருங்கும்போது அது நாகரிகப் பழக்கமாக நிற்குமேயன்றி அறமாகாது. முதல் தலைவர்களின் விதியை நான் போற்றுகிறேன். அவ்விதி வேலியைத் தாண்டவில்லை என்பதையும் மறவேன்.

ஆல்மண்டின் கூற்றுக்கு வருவேன் என்றேன் அல்லவா? கூச்சலிடும் பக்கமே தவறுடையது என்னும் முடிபு, குரலும் வலிமையும் ஒத்த இருவருக்கு இடையேதான் பொருந்தும். ஒருவன் கையில் பேரேடும், மற்றவன் கையில் பால் வாளியும் இருக்குமிடத்தில் பேரேட்டுக்காரன் கூச்சலிட வேண்டியதே இல்லை. அவன் மௌனமாக எழுதினால் போதும். அங்கே கூச்சலிடுபவன் பெரும்பாலும் இழந்தவனாகவே இருப்பான். சமமற்றோரிடையே அமைதி நேர்மைக்குச் சான்றாகாது.

செடெனாக்கில் ஓர் ஆட்டம்

கூலாய்க்கும் குளுவாங்குக்கும் இடையே இரயில் பாதையை ஒட்டிக் கிடக்கும் செடெனாக் வட்டாரத்தில், ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் நான் பிறந்து வளர்ந்தேன். எங்கள் ஆட்டம் ரக்பி அன்று, காற்பந்து. பால் வெட்டும் காலை வேலை முடிந்து, வெயில் சாய்ந்ததும் தோட்டமே திடலுக்கு வந்துவிடும். காலணி உடையவர் சிலர்; வெறுங்காலோடு ஆடியவர் பலர். மழைக்காலத்தில் பந்து பாதி நேரம் சேற்றிலும் பாதி நேரம் கால்வாயிலும் கிடக்கும்.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். தோட்டங்களுக்கு இடையே நடந்த போட்டியின் இறுதி ஆட்டம் எங்கள் திடலில் நடந்தது. எங்கள் அணியின் தலைவர் ஒரு பால்மரத் தொழிலாளி. நாங்கள் எல்லாரும் அவரை அண்ணன் என்றே அழைப்போம். என் தந்தை அதே அணியில் பின்வரிசை ஆட்டக்காரர். இரு பக்கமும் ஒவ்வொரு கோல் போட்டிருந்த நிலையில், ஆட்டம் முடிய ஒரு சில நிமிடங்களே இருந்தபோது மூலையிலிருந்து வந்த பந்து கூட்டத்துக்குள் புகுந்து வலைக்குள் சென்றது. நடுவர் ஊதினார். தோட்டமே ஆர்ப்பரித்தது. பெண்கள் குலவையிட்டனர்.

அண்ணன் மட்டும் நடுவரை நோக்கி நடந்தார். பந்து தம் முழங்கைக்குக் கீழே பட்டு உள்ளே சென்றது என்றார். நடுவருக்கே நம்ப முடியவில்லை, மறுபடியும் கேட்டார். அண்ணன் மறுபடியும் அதனையே சொன்னார். கோல் செல்லாது என்றாயிற்று. கூடுதல் நேரத்தில் எதிரணி ஒரு கோல் போட்டு வென்றது. கோப்பை வேறு தோட்டத்துக்குச் சென்றது.

அன்றிரவு எங்கள் வீட்டில் அடுப்பெரியவில்லை என்று சொன்னால் மிகையாகும். ஆனால் தந்தையார் உண்ணவில்லை என்பது உண்மை. "அவன் மானத்தக் காப்பாத்திக்கிட்டான். அதுக்கு வில எங்க பத்துப் பேரு ஒழைப்பா? யாரக் கேட்டுக் குடுத்தான்?" என்று அம்மாவிடம் சொன்னார். அதன்பின் ஈராண்டுக் காலம் அவர் அண்ணனோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. லயத்தில் பலரும் அப்படியே இருந்தனர். காட்டிக்கொடுத்தவன் என்னும் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அண்ணனைக் குறித்துத்தான்.

பின்னர் ஒரு நாள் பால் நிறுவைக் கொட்டகையில் தகராறு மூண்டது. பாலின் எடையைக் குறைத்து எழுதுகிறார்கள், ரப்பர்ச் சத்தின் விழுக்காட்டைக் குறைத்துப் போடுகிறார்கள் என்று தொழிலாளர் பலர் முறையிட்டனர். தொழிலாளர் குழுவின் சார்பில் அண்ணன் கணக்கைப் பார்த்தார். முறையீடுகளுள் பெரும்பாலானவை உண்மை என்றும், எங்கள் ஆட்களுள் இருவர் பாலில் தண்ணீர் கலந்ததும் உண்மை என்றும் நிர்வாகியின் முன்னிலையிலேயே சொன்னார். கொட்டகைக்கு வெளியே மீண்டும் முணுமுணுப்பு. ஆனால் எங்கள் பக்கத்துப் பிழையைத் தாமாகவே சொன்னவர், உங்கள் பக்கத்துப் பிழை இது என்று சுட்டியபோது அதை மறுக்க எவருக்கும் நா எழவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் குறைந்த பணம் திரும்ப வந்தது.

என் தந்தை மனம் மாறினார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். அவர் மாறவில்லை. அந்தக் கோல் கோல்தான் என்று கண்மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆயினும், தம் கூலிக் கணக்கில் ஐயம் எழுந்த ஒவ்வொரு முறையும், சீட்டை எடுத்துக்கொண்டு அவர் நடந்தது அண்ணன் வீட்டை நோக்கித்தான்.

கொடுத்ததும் மறுத்ததும்

தந்தையின் கேள்வியை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். நீதிநூல்களைப் படித்தவர்கள் கேட்கும் கேள்விகளைவிட அது கடினமானது. தனி மனிதன் தன் பொருளை விட்டுக்கொடுத்தால் அது அவனுக்குப் புகழ். பத்துப் பேர் பொருளுக்குக் காவலனாக நிற்பவன், அவர்களைக் கேளாமல் அதை விட்டுக்கொடுத்துத் தான் புகழ் பெறலாமா? பிறர் பணத்தில் செய்யும் கொடை கொடையாகுமா?

ஆகாது. இதில் தந்தையார் சொன்னது முற்றிலும் சரி. ஒரு தலைவன் தன் அணிக்கு உரிய கோலைப் பெருந்தன்மை காட்டி விட்டுக்கொடுப்பானாயின் அவன் கடமை தவறியவனே. ஆயின் அண்ணன் செய்தது கொடையா? கொடுப்பதற்கு முதலில் பொருள் நம்முடையதாக இருக்க வேண்டும். கையில் பட்டு வலைக்குள் சென்ற பந்து எங்கள் அணிக்கு உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை. நடுவர் தவறிக் கொடுத்த ஒன்றை வாங்க மறுத்தார், அவ்வளவே. கடைக்காரர் மறதியால் மிகுதியாகத் தந்த சில்லறையைத் திருப்பித் தருபவன் தன் குடும்பத்தின் சோற்றைப் பறித்தவன் ஆகான்.

பிழையைக் காண்பது நடுவர் வேலை, ஆடுவது என் வேலை என்று மற்றொரு வாதம் உண்டு. இன்றைய ஆட்டங்களில் பெரும்பாலோர் கைக்கொள்வது இதுவே. இதில் பாதி உண்மை இருக்கிறது. எனக்கே ஐயம் இருக்குமிடத்தில் நான் தீர்ப்பளிக்கத் தகுதியற்றவன். மூன்றாமவன் சொல்லுக்குப் பணிவதே முறை. 1871இல் தமக்கு எதிரான தீர்ப்பை ஏற்று இங்கிலாந்து அணி தொடர்ந்து ஆடியது இவ்வகையில் அடங்கும். ஆனால் எனக்குத் தெளிவாகத் தெரிந்த இடம் வேறு. கையில் பந்து பட்ட உணர்வு அண்ணனுக்குத்தான் இருந்தது, நடுவருக்கு இல்லை. நடுவரை வைத்தது அறியாமையை நீக்குவதற்கு. அறிந்தவன் வாயைப் பூட்டுவதற்காக எவரும் நடுவரை வைக்கவில்லை.

எதிரணியினர் இப்படிச் சொல்வார்களா என்பது இன்னொரு வாதம். பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். பிறன் நேர்மையாக இருக்கும்போது மட்டும் நானும் நேர்மையாக இருப்பேன் என்றால், அது பண்டமாற்று. பண்டமாற்றில் தவறில்லை, அதற்கு அறம் என்று பெயர் சூட்டுவதில்தான் தவறு.

இங்கே 1884ஆம் ஆண்டின் பூசலை மீண்டும் நினைவுகூர வேண்டும். அன்று ஸ்காட்லாந்து அணியும் தன் குற்றத்தைத் தானே எடுத்துரைத்தது. ஆனால் அந்த ஒப்புதலால் அதற்கு ஆதாயம் இருந்தது. அவர்கள் தம் விதியை மனமார நம்பியே வாதிட்டிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. எனினும் வருவாய் தரும் ஒப்புதலைக் கேட்டு எதிரி நெகிழமாட்டான். இழப்புத் தரும் ஒப்புதலோ எதிரியையும் நம்ப வைக்கிறது. சட்டம் தன் வழக்கில் தானே நடுவனாகாதே என்று தடுப்பதற்கும், நம் கதைகள் மனுநீதிச் சோழனைப் போற்றுவதற்கும் இடையே உள்ள முரண் இங்கே தீர்கிறது. மனிதன் தனக்குச் சார்பாகத் தீர்ப்பளிப்பதைத்தான் சட்டம் ஐயுறுகிறது. தனக்கு எதிராக அவன் கூறும் சாட்சியத்தை எந்த நீதிமன்றமும் மறுப்பதில்லை.

நிறுவைக் கொட்டகையில் கிடைத்த நன்மைக்காகத் திடலில் அண்ணன் உண்மை சொன்னார் என்று எவரும் பொருள் கொள்ள வேண்டா. அந்த நாள் வரும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? வாராமலே போயிருக்கலாம். கோப்பையும் போய், நட்பும் போய், காட்டிக்கொடுத்தவன் என்னும் பெயரோடு மட்டும் அவர் வாழ்ந்து முடிந்திருக்கலாம். அப்போதும் அவர் செய்தது சரியாகவே இருந்திருக்கும்.

நம் கையில் உள்ள துலாக்கோல்

இன்று செடெனாக்கில் நான் அறிந்த ரப்பர்க் காடு இல்லை. செம்பனை வந்தது, பின்னர் அதற்கும் இடம் குறைந்து, தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. லயம் இருந்த இடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. எங்கள் திடலின் கம்பங்கள் எந்த மண்ணில் புதைந்தனவோ யார் கண்டார்? ஆடியவர்களின் பிள்ளைகள் ஸ்கூடாயிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் சிதறி வாழ்கின்றனர்.

ஆனால் வினா மட்டும் எங்கும் போய்விடவில்லை. நம் ஆலயங்களிலும் சங்கங்களிலும் பொதுக்கூட்டம் நடக்கிறது. கணக்கு எழுதியவரே மேடையில் அமர்ந்திருக்கிறார்; கணக்கை ஏற்பதா என்று கேட்பவரும் அவரே. கேள்வி கேட்க எழுந்தவனை, நம்மவனாக இருந்துகொண்டு நம்மையே குறை கூறுகிறாயே என்று அமர்த்துகிறோம். தணிக்கையாளர் காணாத பிழையைப் பிழை என்று எண்ணாதவர்களாக நாம் பழகி வருகிறோம். நாமே தலைவர், நாமே நடுவர் என்னும் 1871ஆம் ஆண்டின் பழைய விதிதான் அங்கெல்லாம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அவ்விதி கேட்ட மனிதர்களாக நாம் இருக்கிறோமா என்பதே கேள்வி.

ஸ்டோக்சுக்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். அண்ணனுக்கு அதுகூட எந்தப் பேரேட்டிலும் எழுதப்படவில்லை. நடுவர் ஊதி முடித்த பிறகு, ஊரே ஆர்ப்பரிக்கும் வேளையில், தம் வெற்றியை மறுத்துச் சொல்ல நடந்த அந்த இருபது முப்பது அடிகளைத்தான் நான் அவர் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் அத்தனை அடிகள் நடக்க நம்முள் யார் எழுவார்?